46 பேரின் ஒப்பனை அறை

முதலில் ராஜ்மா. ஆமாம், சப்பாத்திக்குத் தொட்டுக்கொள்ள வேகவைப்போமே, அதே சிவப்பு ராஜ்மாதான்! அப்புறம் கார்த்திகைப் பூச்செடியில் இருக்கும் விஷம். அப்புறம் உப்பு குறைந்த தண்ணீர். மெத்தனால், அசிட்டிக் அமிலம். கையை உயர்த்தி ஒரு சொட்டு. ஓவனில் கொஞ்சம் சூடு. செரிமான நொதியில் சில நொடி முக்கல். கடைசியாக ஊதாச் சாயம். இத்தனையும் பட்ட பிறகுதான் உங்கள் பாடப்புத்தகத்தில் 23 ஜோடியாக, உயர வரிசைப்படி, சமர்த்தாக நிற்கும் அந்தக் குரோமோசோம் படம் வருகிறது.

சமர்த்தா? அதுகளா? உயிருள்ள செல்லுக்குள் அவை ஒருநாளும் அப்படி நின்றதில்லை. சுமார் 2 மீட்டர் நீள டி.என்.ஏ., மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குகூட இல்லாத உட்கருவுக்குள் அவிழ்ந்து கிடக்கிறது. எது ஒன்றாம் குரோமோசோம், எது இருபத்தொன்று என்று சாதாரண நுண்ணோக்கியில் பார்த்து எந்தக் கொம்பனாலும் சொல்ல முடியாது. செல் பிரியும் அந்தக் கொஞ்ச நேரத்தில்தான் சுருண்டு, தடித்து, கண்ணுக்குத் தெரிகிற உருவம் எடுக்கும். அந்த நேரத்தில் பிடித்து, உறையவைத்து, வரிசையில் நிறுத்த வேண்டும். கேரியோடைப்பிங் என்பது இதுதான். பரிசோதனை என்பதைவிடக் கடத்தல் என்றே சொல்லலாம்!

எம்.பி.பி.எஸ். முதலாண்டில் செல் ஃபிசியாலஜி என்றாலே கொட்டாவி வரும். சவ்வு, ஆஸ்மோசிஸ், செல் சுழற்சி, மைக்ரோட்யூபியூல்... எதற்கு இதெல்லாம் என்று தோன்றும். அப்படிப்பட்டவர்களை ஒரு சைட்டோஜெனடிக்ஸ் ஆய்வகத்துக்குள் 3 நாள் உட்காரவைக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. அந்த அத்தியாயத்தில் இருக்கிற அத்தனையும் அங்கே மேஜை மேல் நடக்கிறது. வாருங்கள், செருப்பைக் கழற்றிவிட்டு, கோட்டைப் போட்டுக்கொண்டு உள்ளே போவோம்.

ரத்தக் குழாய் வருகிறது. முதல் கேள்வி: ரத்தத்தில் எந்தச் செல் பிரியும்? சிவப்பணுவுக்கு உட்கருவே கிடையாது. நியூட்ரோஃபிலுக்கு உட்கரு உண்டு, ஆனால் அது பிரிந்து பெருகும் காலத்தை எலும்பு மஜ்ஜையிலேயே முடித்துக்கொண்டு வந்துவிட்டது. மிச்சம் லிம்ஃபோசைட். அதுவும் ஜி ஜீரோ நிலையில், அதாவது சுழற்சியை விட்டு வெளியே வந்து, சும்மா ஊர் சுற்றிக்கொண்டிருக்கும். அதை எழுப்ப வேண்டும். எப்படி?

இங்கேதான் ராஜ்மா. அதிலிருந்து எடுக்கும் ஃபைட்டோஹீமாக்ளூட்டினின் என்ற புரதத்தை, ஆய்வகத்தில் எல்லோரும் பி.எச்.ஏ. என்பார்கள். சிவப்பணுக்களை ஒட்டவைத்துத் திரளாக்கும் குணம் இதற்கு உண்டு. அதற்காகத்தான் முன்பு இதைப் பயன்படுத்தினார்கள்; சிவப்பணுவைத் திரளாக்கி ஒதுக்கிவிட்டு வெள்ளையணுவைத் தனியே எடுக்க. பிலடெல்ஃபியாவில் பீட்டர் நோவெல், இந்தப் புரதம் லிம்ஃபோசைட்டைப் பிரியவும் வைக்கிறது என்று 1960-ல் காட்டினார். அந்நியன் வந்துவிட்டான் என்று டி லிம்ஃபோசைட்டுக்குப் பொய்யாக ஓர் அபாயச் சங்கு! அது வீறுகொண்டு எழுந்து, ஜி ஒன்றுக்குள் நுழைந்து, டி.என்.ஏ.வை இரட்டிப்பாக்கத் தொடங்கிவிடும். அதுவரை குரோமோசோம் பார்க்க வேண்டுமென்றால் மஜ்ஜையைக் குத்தி எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் தோலை வெட்டி வளர்க்க வேண்டும். அதற்குப் பின் கையில் ஓர் ஊசி போதும். (அரைவேக்காட்டு ராஜ்மா சாப்பிட்டால் வாந்தி எடுப்பதும் இதே புரதத்தால்தான். நன்றாகக் கொதிக்கவிடுங்கள்.)

ஊட்டக் கரைசலில், கன்றுக்குட்டி சீரமும் பி.எச்.ஏ.வும் சேர்த்து, 37 டிகிரியில் 72 மணி நேரம். இதற்குக் 'கல்ச்சர் போடுவது' என்று பெயர். திங்கள்கிழமை போட்டால் வியாழக்கிழமை ஹார்வெஸ்ட். அறுவடைதான், வேறென்ன!

வியாழன் காலை ஆய்வகமே பரபரப்பாகிவிடும். ஹார்வெஸ்ட் அன்று யாரும் யாரோடும் வம்பு பேச மாட்டார்கள். முதலில் விஷம்.

கால்சிசின், அல்லது அதன் நெருங்கிய உறவான கால்செமிட். டியூபியூலின் மூலக்கூறுகள் கோத்துக்கொண்டு மைக்ரோட்யூபியூல் ஆவதை இது தடுத்துவிடும். மைக்ரோட்யூபியூல் இல்லாவிட்டால் கதிர் (ஸ்பிண்டில்) இழைகள் இல்லை. கதிர் இல்லாவிட்டால் குரோமோசோம்களை இரு பக்கமும் இழுக்க ஆளில்லை. செல் அப்படியே நடுவழியில் நின்றுவிடும். கால்சிசின் தரும் தாவரங்களில் முக்கியமான ஒன்று எது தெரியுமா? செங்காந்தள், அதாவது முதலில் சொன்ன கார்த்திகைப் பூ! நம் மாநில மலர். மூலனூர், தாராபுரம், ஒட்டன்சத்திரம், வேதாரண்யம் பக்கம் கண்வலிக்கிழங்கு என்று பந்தல் கம்பி கட்டிச் சாகுபடி செய்கிறார்களே, அந்த விதை மருந்து நிறுவனங்களுக்குப் போவது இந்தக் கால்சிசினுக்காகத்தான். கவுட் மாத்திரையும் இதிலிருந்துதான். செடியின் கிழங்கைத் தின்றவர்களுக்கு முதலில் குடலும் பிறகு மஜ்ஜையும் பழுதாவது ஏன் என்று வைவாவில் கேட்டால் இனி முழிக்க வேண்டாம்: ஓயாமல் பிரிந்துகொண்டே இருக்கிற செல்கள் அங்கேதான் அதிகம்.

கொஞ்சம் நில்லுங்கள், இந்த இடம் எனக்கு மிகப் பிடித்த இடம். கதிர் அறுந்துபோனால் செல் ஏன் நிற்க வேண்டும்? தன் பாட்டுக்குப் போய்த் தொலையலாமே? போகாது. ஒவ்வொரு குரோமோசோமின் இடுப்பிலும் கைனட்டோகோர் என்ற புரதத் தொகுதி இருக்கிறது. இழை வந்து பிடிக்கும்வரை அது 'பொறு, பொறு' என்று சமிக்ஞை அனுப்பிக்கொண்டே இருக்கும். ஒரேயொரு கைனட்டோகோர் பிடிபடாமல் இருந்தாலும் செல் காத்திருக்கும். அந்தச் சமிக்ஞை இருக்கும்வரை ஏ.பி.சி. என்ற நொதித் தொகுதி வேலை செய்யாது. அது வேலை செய்யாதவரை செக்யூரின் என்ற உறை அழியாது. செக்யூரின் அழியாதவரை செபரேஸ் என்ற கத்தரி உறைக்குள்ளேயே இருக்கும். கத்தரி வராததால் இரு சகோதரி குரோமாட்டிடுகளைக் கட்டியிருக்கும் கொஹீசின் வளையம் அறுபடாது. அதனால்தான் படத்தில் பெருக்கல் குறி வடிவம்! நாம் 'குரோமோசோம்' என்று பலகையில் வரையும் அந்த உருவமே, கைது செய்யப்பட்டு நிற்கும் குரோமோசோமின் உருவம்தான். அதிக நேரம் நிறுத்திவைத்தாலும் வம்பு. சுருங்கிக் குட்டையாகிவிடும், பட்டைகள் தெரியாது. எத்தனை நிமிடம் என்பது ஒவ்வோர் ஆய்வகமும் தன் கைப்பழக்கத்தில் கண்டுவைத்திருக்கும் கணக்கு.

விதையில்லாத் தர்பூசணியின் பின்னாலும் இதே கால்சிசின்தான் ஒளிந்திருக்கிறது. குரோமோசோம்கள் இரட்டித்தும் பிரிய முடியாத செடியை இதை வைத்து உண்டாக்கி, சாதாரணச் செடியோடு கலந்தால் மூன்று தொகுதி கொண்ட தர்பூசணி கிடைக்கும். மூன்றை இரண்டாகப் பங்குபோட முடியாது, விதையும் முற்றாது. சரி, ஆய்வகத்துக்குத் திரும்புவோம்.

அடுத்தது தண்ணீர். 0.075 மோலார் பொட்டாசியம் குளோரைடு. ரத்தத் திரவத்தோடு ஒப்பிட்டால் இதன் ஆஸ்மோலாரிட்டி ஏறக்குறைய பாதிதான். ஹைப்போடானிக்! சிவப்பணுக்கள் வெடித்துப் போய்விடும் (தொல்லை விட்டது). லிம்ஃபோசைட் மட்டும் நீரை இழுத்து உப்பி நிற்கும், உள்ளே கட்டிக்கிடந்த குரோமோசோம்கள் ஒன்றைவிட்டு ஒன்று விலகும். நீங்கள் முதல் வாரம் மனப்பாடம் செய்த ஆஸ்மோசிஸ் இதுதான்.

இந்தத் தண்ணீருக்கு ஒரு கதை இருக்கிறது. மனிதக் குரோமோசோம் 48 என்று டெக்சஸில் தியோஃபிலஸ் பெயின்டர் 1923-ல் சொன்னார். உலகமே நம்பியது. எண்ணியவர்களும் 48 வரும்வரை எண்ணினார்கள். டி. சி. சூ என்ற ஆய்வாளர் கால்வெஸ்டனில் ஒருநாள் நுண்ணோக்கியில் கண் வைத்தால், குரோமோசோம்கள் அழகாகச் சிதறிக் கிடக்கின்றன! மறுபடி செய்தால் வரவில்லை. மாதக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டபின் தெரிந்தது: அன்று கழுவப் பயன்பட்ட உப்புக் கரைசலை யாரோ நீர்க்கக் கலந்துவிட்டிருக்கிறார்கள். யார் என்று கடைசிவரை தெரியவில்லை. சூ இதை 1952-ல் வெளியிட்டார். ஆனால் பாருங்கள், அத்தனை அழகான படத்தைக் கையில் வைத்துக்கொண்டும் அவர் 46 என்று சொல்லவில்லை. ஜாவாவில் பிறந்த ஜோ ஹின் சியோ, ஸ்வீடனின் லுண்டில் ஆல்பர்ட் லெவானின் ஆய்வகத்தில் 1955 டிசம்பரில் எண்ணிப் பார்த்தார். 46. மறுபடி எண்ணினார். 46. 1956-ல் இருவர் பெயரிலும் கட்டுரை வந்தது. டி.என்.ஏ.வின் வடிவமே 1953-ல் தெரிந்துவிட்டது. நம்மிடம் எத்தனை குரோமோசோம் என்று சரியாக எண்ண அதற்கப்புறமும் 3 வருடம் ஆகியிருக்கிறது!

உப்பிய செல்லை மெத்தனாலும் அசிட்டிக் அமிலமும் 3-க்கு 1 என்று கலந்த திரவத்தில் நிலைநிறுத்துகிறார்கள். பிறகு வருகிறது எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்க்கும் கட்டம்: சொட்டு விடுதல்.

பிப்பெட்டை உயர்த்தி, ஈரமான குளிர்ந்த ஸ்லைடின் மேல் ஒரு சொட்டு. அது விழுந்து பரவி, மெத்தனால் ஆவியாகும்போது செல் தட்டையாகி, குரோமோசோம்கள் விரிந்து கிடக்க வேண்டும். எவ்வளவு உயரம்? ஒவ்வொருவருக்கும் ஒரு சித்தாந்தம். ஒரு சாண் போதும் என்பவர் உண்டு. எட்டி நின்று விடுபவரும் உண்டு. உண்மையில் உயரத்தைவிட முக்கியம், ஸ்லைடு எவ்வளவு வேகத்தில் காய்கிறது என்பது. அதனால் வடாம் போட நாள் பார்க்கும் பாட்டியைப் போல இவர்கள் ஈரப்பதமானியைப் பார்க்கிறார்கள். சென்னை நவம்பர் மழையில் ஸ்லைடு சோம்பலாகக் காயும், ஏ.சி. அதிகமானால் நொடியில் காய்ந்து, செல் விரியாமலே போய்விடும். "இன்னிக்கு ஸ்ப்ரெட் சூப்பரா விழுந்திருக்கு, வந்து பாருங்க மேடம்" என்று அந்த மூலையிலிருந்து ஒரு குரல் வந்தால் டீ குடிப்பவர்கள்கூட எழுந்து ஓடுவார்கள்.

காய்ந்ததைச் சூட்டில் முதிரவைத்து, டிரிப்சினில் சில நொடி முக்குவார்கள். நொடி குறைந்தால் பட்டையே வராது. கூடினால் குரோமோசோம் ஊதிப்போய் ஆவியாகத் தெரியும். பிறகு ஜீம்சா சாயம். இப்போது தெரிகின்றன பட்டைகள்: கருப்பு, வெளுப்பு, கருப்பு. மரீனா சீப்ரைட் 1971-ல் எளிமையாக்கித் தந்த இந்த ஜி-பேண்டிங்தான் இன்றும் அன்றாட முறை.

கருத்த பட்டையில் ஏ-டி ஜோடிகள் அதிகம், ஜீன்கள் குறைவு. வெளுத்த பட்டையில் ஜீன்கள் நெருக்கம். இதைத் தெரிந்துகொண்டு படத்தைப் பாருங்கள். 13-உம் 18-உம் கருத்துத் தெரியும். 19 வெளிறிப்போய், எங்கே என்று தேடவைக்கும். எக்ஸ், ஒய் நீங்கலாக, ஒரு பிரதி கூடினால் குழந்தை பிறந்து உயிரோடிருக்கச் சாத்தியமுள்ள டிரைசோமிகள் எவை? 13, 18, 21. மூன்றும் ஜீன் சரக்கு குறைந்தவை! 19-இல் ஒரு பிரதி கூடினால் கரு பிறப்புவரை வருவதே இல்லை. 16-இன் டிரைசோமி, கருச்சிதைவுகளில் அதிகமாகக் காணப்படுவது. முழு டிரைசோமி 16-ஓடு குழந்தை பிறப்பதில்லை. படாவ், எட்வர்ட்ஸ், டவுன் என்று எண்ணும் பெயருமாக மனப்பாடம் செய்கிறோமே, ஏன் இந்த மூன்று மட்டும் என்று பாடப்புத்தகம் முதல் பக்கத்திலேயே சொல்லியிருக்கலாம். இந்த ஒரு விஷயத்தில் எனக்குப் பாடப்புத்தகங்கள் மீது கோபம் உண்டு.

இன்னொரு ரகசியம். குரோமோசோம்களுக்கு எண் கொடுத்தது உயர வரிசைப்படி. அப்படியானால் 22-தானே ஆகக் குட்டி? இல்லை, 21! டவுன் சிண்ட்ரோமில் கூடுதலாக இருப்பது 21 என்று பெயர் ஊன்றிவிட்ட பிறகுதான், அது 22-ஐவிடச் சின்னது என்று உறுதியானது. மாற்றினால் குழப்பம் என்று அப்படியே விட்டுவிட்டார்கள். வரிசையில் நிற்கும்போது உயரம் மாறி நிற்கிறது, யாரும் கண்டுகொள்வதில்லை.

அந்த 21-ஐ முதலில் பார்த்த இடத்தையும் எட்டிப் பார்த்துவிடுவோம். பாரிஸ், ட்ருசோ மருத்துவமனை. மார்த் கோத்தியே என்ற இளம் மருத்துவர், அமெரிக்காவில் கற்றுவந்த செல் வளர்ப்பைத் தனியாகத் தொடங்குகிறார். பணம் இல்லை. பிளாஸ்மாவுக்குச் சேவல், மனித சீரத்துக்குத் தன் சொந்த ரத்தம்! 1958-ல் டவுன் குழந்தையின் திசுவில் 47-ஐப் பார்க்கிறார். படமெடுக்க அங்கே வசதியில்லை. ஜெரோம் லெஜூன் ஸ்லைடுகளை வாங்கிக்கொண்டு போகிறார். 1959 ஜனவரியில் கட்டுரை வருகிறது. முதல் பெயர் லெஜூன், கடைசிப் பெயர் துறைத் தலைவர் ரேமோன் துர்ப்பான், நடுவில் எழுத்துப் பிழையோடு கோத்தியே. பிரான்சின் இன்செர்ம் நிறுவனத்தின் நெறிமுறைக் குழு 2014-ல்தான், செல் வளர்ப்பு இல்லாமல் இந்தக் கண்டுபிடிப்பு இல்லை என்று அவர் பக்கம் நின்று சொன்னது. அவர் 2022-ல் மறைந்தார். நுண்ணோக்கியில் எண்ணுவது பெரிய காரியம்தான். எண்ணும்படியான ஸ்லைடைத் தயாரிப்பது அதைவிடப் பெரிது என்பது என் கட்சி.

சரி, கூடுதல் 21 எப்படி வந்து சேர்கிறது? பெரும்பாலும் கருமுட்டை உருவாகும்போது. பெண் சிசு தன் தாயின் வயிற்றில் இருக்கும்போதே முட்டைச் செல்கள் முதல் மயோசிஸைத் தொடங்கிவிட்டு, பாதியில் நின்றுவிடுகின்றன. அண்டவிடுப்பு நாளில்தான் மிச்சத்தைத் தொடரும். அது 15 வருடம் கழித்தும் இருக்கலாம், 40 வருடம் கழித்தும் இருக்கலாம். அத்தனை காலமும் ஜோடியைக் கட்டி வைத்திருப்பது, முன்பு பார்த்த அதே கொஹீசின். அன்று போட்ட கட்டு பெரிதாகப் புதுப்பிக்கப்படுவதில்லை என்பது இன்றைய புரிதல். கட்டு தளர்ந்தால் ஜோடி தவறாகப் பிரியும். 20 வயதுத் தாய்க்கு டவுன் குழந்தை பிறக்கும் வாய்ப்பு சுமார் 1,500-ல் ஒன்று. 35-ல் சுமார் 350-ல் ஒன்று. 40-ல் சுமார் 100-ல் ஒன்று. கிரகணத்தன்று வெளியே போனதாலோ, பப்பாளி தின்றதாலோ எந்தக் குரோமோசோமும் கூடுவதில்லை. இதை வார்டில் மாமியார் காதில் விழும்படி உரக்கச் சொல்லுங்கள்.

ஆய்வகத்தின் கடைசி மேஜை கணினி மேஜை. அந்தக் காலத்தில் புகைப்படத்தைக் கத்தரியால் வெட்டி ஒட்டினார்கள். ஜேனட் ரவ்லி சிகாகோவில் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் இப்படித்தான் வெட்டிப் பரப்பி உட்கார்ந்திருந்தார். அம்மா காகித பொம்மை விளையாடுகிறாள் என்று பிள்ளைகள் கேலி செய்தார்களாம். அந்த விளையாட்டில்தான், நாள்பட்ட மைலாய்டு ரத்தப் புற்றுநோயில் 9-உம் 22-உம் துண்டு மாற்றிக்கொள்வதை அவர் கண்டுபிடித்து 1973-ல் வெளியிட்டார். அந்த இடமாற்றம் உண்டாக்கும் நொதியை அடக்கும் இமாட்டினிப் 2001-ல் சந்தைக்கு வந்தது. இன்று மவுஸால் வெட்டுகிறார்கள். ஆனாலும் தலைகீழாக நிற்பதைத் திருப்பி வைக்கவும், ஒன்றன்மேல் ஒன்று படுத்திருப்பதைப் பிரிக்கவும் மனிதக் கண் வேண்டியிருக்கிறது.

ஒரு செல் பார்த்தால் போதாது. வழக்கமாக 20. சொட்டு விழும்போது ஒரு குரோமோசோம் தெறித்துப் போகலாம். ஒரு செல்லில் 45 என்பதற்காக டர்னர் சிண்ட்ரோம் (எக்ஸ் ஒன்று குறைவு) என்று எழுதிவிட முடியாது. 20-உம் ஒன்றுபோல் இருந்தால், 14 சதவீதம் அல்லது அதற்கு மேற்பட்ட மொசைசிசம் (வேறு எண்ணிக்கையுள்ள செல்கள் கலந்திருப்பது) இல்லை என்று 95 சதவீத உறுதியோடு சொல்லலாம். சந்தேகம் இருந்தால் 30, 50 என்று எண்ணிக்கொண்டே போவார்கள்.

சில சமயம் 45 என்பது முழு ஆரோக்கியமான ஆளின் எண்ணிக்கையாகவே இருக்கும். 14-உம் 21-உம் இடுப்பில் ஒட்டிக்கொண்டு ஒன்றாகிவிட்ட ராபர்ட்சோனியன் இடமாற்றம். அவருக்கு ஒரு குறையும் இல்லை. பிறக்கும் பிள்ளைக்கு டவுன் வரும் வாய்ப்புதான் கூடும். சுமப்பவர் தாயானால் அந்த வாய்ப்பு சுமார் 10 முதல் 15 சதவீதம். தந்தையானால் மிகக் குறைவு. 21-உம் 21-உமே ஒட்டியிருந்தால், உயிரோடு பிறக்கும் பிள்ளைகள் எல்லோருக்கும் டவுன்தான். அதனால்தான், "முகத்தைப் பார்த்தாலே டவுன் என்று தெரிகிறதே, கேரியோடைப் எதற்கு?" என்ற கேள்வி தவறு. குழந்தைக்காக மட்டுமல்ல, அடுத்த பிள்ளைக்காகவும் அந்தச் சோதனை வேண்டும். இடமாற்றம் என்று வந்தால் பெற்றோர் இருவருக்கும் எடுக்க வேண்டும். அதே சமயம், கேரியோடைப்புக்கு எட்டாததும் உண்டு: 5 முதல் 10 மில்லியன் டி.என்.ஏ. எழுத்துக்குக் கீழே தொலைந்தது அதன் கண்ணில் படாது. டிஜார்ஜ் சிண்ட்ரோமில் 22-இல் விடுபடும் துண்டுக்கு ஃபிஷ் அல்லது மைக்ரோ அரே என்ற நுண்ணிய சோதனை வேண்டும்.

ஹவுஸ் சர்ஜன் ஆகப்போகும் தம்பி தங்கைகளே, உள்ளே இருப்பவர்கள் சார்பில் ஒரு விண்ணப்பம். பச்சை மூடிக் குழாயில் அனுப்புங்கள், ஊதா மூடியில் வேண்டாம். பச்சையிலும் இரண்டு வகை உண்டு. லேபிளைப் படித்து சோடியம் ஹெப்பாரினாகப் பார்த்து எடுங்கள், லித்தியம் ஹெப்பாரினில் செல் சரியாக வளராது. ஃப்ரீசரில் வைக்காதீர்கள், செத்த செல்லை எந்த ராஜ்மாவாலும் எழுப்ப முடியாது. படிவத்தில் 'குரோமோசோம் டெஸ்ட்' என்று மட்டும் கிறுக்காமல், என்ன சந்தேகம், வீட்டில் வேறு யாருக்கு, எத்தனை கருச்சிதைவு என்று 2 வரி எழுதுங்கள். 20 செல்லோடு நிறுத்துவதா, 50 வரை போவதா என்பதை அந்த 2 வரியைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறார்கள்.